மிச்ச மருந்து

அந்த மனுஷர் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் கரப்பான் பூச்சிக்குக் கெட்ட நேரம்தான். பூச்சி மருந்தடிக்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. முதுகில் டேங்க், கையில் நீளக் குழாய், சட்டைப்பையில் பசை மருந்து நிரப்பிய ஜெல் ஊசி. பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மருந்துக்காரர் என்று கேட்டால் பொடிசுகள்கூட வீட்டைக் காட்டும்.

சமையலறைக்குள் போனதும் விளக்கைப் போட மாட்டார். வாசற்படியில் நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுப்பார். "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி குடும்பம் நடத்துது. சிங்க்குக்கு அடியில மாமியார் வீடு" என்பார். அவர் சொன்ன இடத்தில்தான் அதுகள் இருக்கும். அப்புறம் வேலை. வேலைக்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்: மூலை, இடுக்கு, அடி. முதலில் மூலைகள், அடுத்தது இடுக்குகள், கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் கடைசி. வாய்க்குள் முனகிக்கொண்டே அடிப்பார், வரிசை ஒரு நாளும் மாறாது.

வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் பயப்படாமல் என்ன செய்வார்கள்? அதற்கு அவர் ஒரு வித்தை வைத்திருந்தார், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராகவே கண்டுபிடித்தது. இடது உள்ளங்கையை நீட்டி அதன்மேல் ஒரு தடவை பீய்ச்சுவார். எண்ணெய் தேய்க்கிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துத் தேய்ப்பார். ஈரக் கையை விரித்துக் காட்டுவார். "பாருங்க. புது மருந்து, வாசனையே கிடையாது. ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான், பயந்த முகமெல்லாம் தெளிந்துவிடும். படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும் விடாமல் ஒப்பிப்பார். நாலு மணி நேரம் வெளியே இருங்க, மாசமா இருக்கறவங்க அன்னைக்கு வரவே வேண்டாம், குழந்தை தவழுற இடத்தைத் துடைச்சுட்டு விடுங்க. பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்குவதுபோல மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இப்போது மிச்சத்துக்கு வருவோம். டேங்க்கில் கலக்கிய மருந்து மறுநாளைக்கு உதவாது, வீரியம் போய்விடும். சாக்கடையில் ஊற்றக்கூடாது, அது சட்டம். கம்பெனி டிப்போவுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் ஏன் மிஞ்சியது, எவ்வளவு மிஞ்சியது, யாரைக் கேட்டுக் கூடுதலாகக் கலக்கினாய் என்று மூன்று பக்கத் தாள் நிரப்ப வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிற மனிதன் எவன் அதை நிரப்புவான்? கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஒரே வழிதான் பிடித்தார்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டிலேயே அடித்துத் தீர்த்துவிட்டு, காலி டேங்க்கோடு காலையில் வந்து நிற்பது.

மருந்துக்காரருக்கு அதில் பெருமையும் உண்டு. கல்யாணமான புதிதில், மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த சமயம், குளியலறைக் குழாயிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்து அவள் காலில் ஏறிவிட்டது. அவள் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனாள். "இனி இந்த வீட்டுல ஒண்ணு உன் கண்ணுல பட்டா என் பேரை மாத்திக்கறேன்" என்றார். வாரத்துக்கு இரண்டு முறை, மிச்சம் கூடுதலாக இருந்தால் மூன்று முறை. நாலு மணி நேரம் வெளியே இருப்பதெல்லாம் ஊரார் வீட்டுக்கு. கால் வீங்கிக் கிடந்தவள் எங்கே போவாள்? கட்டிலில் படுத்திருப்பாள், இவர் கட்டிலைச் சுற்றி அடிப்பார். "காலைத் தூக்கிக்கோ" என்பார். தூக்கிக்கொள்வாள். அப்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டில் ஈ எறும்பு அண்டாது. பல்லி கிடையாது. ஒட்டடை கட்ட ஒரு சிலந்தி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தொட்டி மீன் இரண்டும் ஒரே வாரத்தில் மல்லாந்து மிதந்தன. தண்ணீர் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிறந்தது பெண். வயிற்றில் இருக்கும்போதே மைனா என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார் அவர். அம்மாக்காரி அப்படி ஒரு வாயாடி, மகள் சும்மா இருப்பாளா என்ற நினைப்பு. அந்த மைனா அந்தத் தரையில்தான் தவழ்ந்தது. அந்தத் தரையில் கிடந்த பொம்மையைத்தான் கடித்தது. வேலை முடிந்து வருகிற அப்பாவின் உள்ளங்கையைத்தான் பிடித்துக்கொண்டு நடை பழகியது. முதல் வார்த்தை பேசவே மூன்று வயது நெருங்கிவிட்டது.

இப்போது மைனாவுக்கு வயது ஐந்து நெருங்குகிறது. ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொரு செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுவாள். தேடப்போன இடத்தில் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டு நிற்பாள். பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டனுப்பினாள். "தங்கமான பொண்ணு. ஆனா சொல்றது எதுவும் தங்க மாட்டேங்குது" என்றாள். "நானும் சின்ன வயசுல அப்படித்தான் டீச்சர்" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தார் மருந்துக்காரர். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் நாலு வயதிலேயே தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவு எண்ணையும் சொல்லுவார்.

மனைவி மறுபடி முழுகாமல் இருந்தாள். ஏழாவது மாசம். அப்போதுதான் ஆய்வுக்கார அம்மா வந்தாள்.

மைனா வயிற்றில் இருந்தபோது பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று சில வருஷங்கள் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு. தாயின் சிறுநீரைச் சின்னக் குப்பியில் வாங்கிக்கொண்டு போவார்கள், பிறகு அவ்வப்போது வீட்டுக்கு வந்து குழந்தையை விளையாட வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறை வந்தவள் ஒல்லியாக, வெடுக்கென்று பேசாத ஒரு நடுவயதுப் பெண். பையிலிருந்து மரக்கட்டைகளும் துளைப் பலகையும் எடுத்துத் தரையில் பரப்பினாள்.

"நான் மூணு வார்த்தை சொல்றேன். நீ திருப்பிச் சொல்லணும். கதவு, பந்து, குருவி."

மைனா அவள் மூக்குக்கண்ணாடியையே பார்த்தாள். "கதவு" என்றாள். அதோடு சரி.

இன்னொரு தடவை சொன்னாள் ஆய்வுக்காரி. இன்னொரு தடவையும் கதவுதான். சிவப்புக் கட்டையைப் பெட்டியில் போடு, மூடியை மூடு, பென்சிலை எடுத்து என்னிடம் கொடு என்றாள். மைனா கட்டையைப் போட்டாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த மருந்துக்காரர் பித்தான் துளையைத் தேடிக்கொண்டே நின்றார்.

அடுத்தது தாயிடம் கேள்விகள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகப் போயிற்று. "பூச்சி மருந்து ஏதாவது அடிப்பீங்களா?"

மனைவி சிரித்தேவிட்டாள். "இவருக்கு வேலையே அதாங்க. இந்த வீட்டுல ஒரு எறும்பைக் காட்டுங்க பாப்போம்."

"எப்பப்ப அடிப்பீங்க?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை. மூணும் உண்டு."

"மைனா வயித்துல இருந்தப்ப?"

"அப்பத்தானே ஆரம்பிச்சதே."

ஆய்வுக்காரியின் பார்வை அவள் வயிற்றில் இறங்கி நின்றது. "இப்பவுமா?" என்றாள். "பின்னே?" என்றாள் மனைவி. ஆய்வுக்காரி எழுதினாள், எழுதி முடித்தபின்னும் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

மைனா குளியலறையில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று மனைவி உள்ளே ஓடினாள். மருந்துக்காரர் ஆய்வுக்காரியைத் தெருமுனைவரை கொண்டுவிடப் போனார். வாய்விட்டுக் கேட்க நாலு வீடு தாண்ட வேண்டியிருந்தது.

"மைனா இப்படி இருக்கறது அதனாலதானாம்மா?"

"ஒரு குழந்தையை மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். எத்தனையோ காரணம் இருக்கலாம். நூத்துக்கணக்கான பிள்ளைங்களைச் சேர்த்துப் பாக்கறப்ப, வயித்துல இருக்கும்போதும் பொறந்த பிறகும் மருந்து அதிகமாப் பட்ட பிள்ளைங்களுக்குப் பேச்சு, ஞாபகம், கவனம் கொஞ்சம் பின்தங்குதுன்னு சில ஆய்வுல வருது. எல்லாத்துலயும் வரல. நாங்களும் அதைத்தான் பாத்துட்டு இருக்கோம்."

"வாசனையே இல்லாத மருந்துங்க அது."

"பூச்சி சாகுதுல்ல சார்?"

அவர் நடையை நிறுத்தினார்.

"முழுசாத் தெரியட்டும்னு ரெண்டாவது குழந்தை காத்துட்டு இருக்காது. இன்னையோட நிறுத்திடுங்க. தரையை, சுவரை எல்லாம் ஈரத்துணியால துடைங்க, ஓட்டைகளை அடைங்க. இந்தத் தாள்ல எல்லாம் எழுதியிருக்கு. வீட்டம்மாகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க, நான் சொல்றதவிட அது நல்லது."

நாலாக மடித்த தாள். ஜெல் ஊசி இருந்த சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பி வந்தால் மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மைனா அவள் முதுகில் தொங்குகிறாள், இரண்டு பேரும் எதற்கோ கெக்கெக்கென்று சிரிக்கிறார்கள். அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் முதலில் மைனாவைப் பார்ப்பாள். அப்புறம் அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க அவருக்குத் தெம்பு இல்லை. அடப்பாவி மனுஷா, தாங்கித்தான் ஆக வேண்டும் என்று அந்த நேரத்தில் அவரை உலுக்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

நிறுத்தினார், அதில் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு மிச்சத்தை டிப்போவுக்குக் கொண்டுபோய் மூன்று பக்கத் தாளையும் நிரப்பினார். டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து, பதினோரு வருஷமாக ஒப்பித்த அந்தப் படிவத்தை முதல் முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். மாசமாக இருப்பவர்கள் என்ற வரியில் கட்டிலும், தூக்கிய காலும் கண்முன் வந்தன.

"என்னங்க, டேங்க் காலியா வருது?" என்றாள் மனைவி.

"அளவாத்தான் கலக்கணும்னு சொல்லிட்டாங்க. இப்பல்லாம் மிச்சமே வரதில்ல" என்று வாய் கூசாமல் ஒரு பொய்.

லீவு நாளெல்லாம் சோப்புத் தண்ணீரும் துணியுமாகத் திரிந்தார். சுவர் ஓரங்களைத் தேய்த்தார். மைனாவின் பழைய தொட்டிலைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கழுவி வெயிலில் வைத்தார். அதன் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது மெத்தை வாங்கிவந்தார். குழாய் ஓட்டைகளில் சிமெண்ட் பூசினார். "யாருங்க இது, என் புருஷன்தானா?" என்று மனைவி கேலி செய்தாள். மூன்றாவது வாரம் சுவரில் ஒரு குட்டிப் பல்லி தலை காட்டியது. அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பல்லியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஆறு மாடிக் கட்டிடம், எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய். இத்தனை வருஷம் அண்டாமல் இருந்ததுகள் மெல்ல எட்டிப் பார்த்தன. முதலில் சிங்க்கில் ஒன்று, பிறகு மாவு டப்பாவுக்குப் பின்னால் மூன்று. பிறக்கப்போகிற குழந்தைக்காகத் துவைத்து மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளை ஒருநாள் மனைவி எடுத்து உதறினாள். ஒரு சட்டைக் கைக்குள்ளிருந்து கரப்பான் ஒன்று ஓடியது.

அவள் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடி அடிக்கறீங்க. என் பிள்ளைக்குன்னா ஒரு சொட்டு மிஞ்சாதா?"

மருந்துக்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. தாளின் விளிம்பு விரலில் பட்டது. அவள் பக்கத்தில் மைனா ஒற்றைச் செருப்போடு நின்று, அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்க வந்து, வந்ததை மறந்து, விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் தாளை எடுக்காமலே கையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஏதாவது பண்றேன்" என்றார்.

மறுநாள் வேலை ஒரு புது வீட்டில். கூட வந்தவன் நெட்டையன், ஏழு வருஷக் கூட்டாளி. அடுத்த தெருவில் குடியிருக்கிறான், வாய் ஓயாது, மனசு வெள்ளை. வீட்டுக்காரி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள். நெட்டையன் வித்தையை எதிர்பார்த்து இவர் இடது கையைப் பார்த்தான். மருந்துக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பீய்ச்ச வேண்டாம்மா. அலமாரிக் கீல்ல ஜெல் மட்டும் வைக்கறேன். ஓட்டையை அடைச்சுத் தரேன்."

வெளியே வந்ததும் நெட்டையன் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே, தொழிலையே மறந்துட்டீங்களா? வீட்டுலயும் அடிக்கறதில்லன்னு அண்ணி குறைப்பட்டுக்கிட்டாங்க."

"உன்கிட்ட எப்ப சொன்னா?"

"காலையில ஃபோன் பண்ணாங்கண்ணே. உங்களுக்கு மிச்சமே வரதில்லையாம், இருந்தா கொஞ்சம் குடுங்கன்னாங்க. உங்க வீட்டுக்கு இல்லாததா? வர வழியில ஒரு கேனும் கைப்பம்பும் குடுத்துட்டுத்தான் வந்தேன். மிச்சமெல்லாம் இல்ல, புதுசா கலக்குனது. பிறக்கப்போற குழந்தைக்காச்சேன்னு ரெண்டு மூடி கூடுதலாவே ஊத்தினேன்."

செய்த உதவிக்கு ஒரு சிரிப்பாவது கிடைக்கும் என்று நின்றான் அவன். மருந்துக்காரர் டேங்க்கை அங்கேயே தரையில் போட்டார். மனைவிக்கு ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கவும் பொறுமை இல்லை, ஓடினார்.

தெரு திரும்பியதுமே தெரிந்துவிட்டது. நல்ல மத்தியான வெயில், கட்டிடத்தில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருக்க, மூன்றாவது மாடியில் அவர் வீட்டு ஜன்னல்கள் மட்டும் இறுகச் சாத்தியிருந்தன. மருந்து படிகிறவரை காற்று நுழையக்கூடாது என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கதவைத் திறந்தார். ஒரு வாசனையும் இல்லை.

படுக்கையறையில் மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அலுப்பில் முகம் வேர்த்து, தலையணைமேல் இரண்டு காலையும் தூக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் தொட்டில், புது மெத்தையோடு. தொட்டிலின் நாலு காலும் ஈரமாகப் பளபளத்தன. தரையில் குந்தியிருந்தாள் மைனா. இரண்டு கையாலும் கைப்பம்பைப் பிடித்து, நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, கவனம் ஒரு இம்மி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மூலை" என்றாள் மைனா. சுவர் மூலைக்கு நகர்ந்து அடித்தாள். "இடுக்கு" என்றாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே குழாயை விட்டு அடித்தாள். "அடி" என்றாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

மூன்று வார்த்தை. வரிசை மாறவில்லை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"பாத்தீங்களா உங்க பொண்ணை?" என்றாள் மனைவி. அவள் முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். "டீச்சர் என்னமோ சொன்னாளே. நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கலைங்க. உங்களைப் பாத்துப் பாத்தே மனசுல வாங்கி வச்சிருக்கா. என்னால குனிய முடியலன்னதும் அவளே வாங்கிக்கிட்டா."

மைனா அவர் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகத்தைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இடது உள்ளங்கையை நீட்டி அதன்மேல் ஒரு தடவை பீய்ச்சினாள். பம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தாள். விரித்து அவருக்குக் காட்டினாள். பிறகு கட்டில்மேல் ஏறி, அந்த ஈரக் கையை அம்மாவின் வயிற்றில் வைத்தாள்.

"பாருங்க. ஒண்ணும் ஆகாது" என்றாள். அதுவரை அவள் அப்படிக் கோவையாக எதுவும் பேசியதில்லை.

அவர் பாய்ந்துபோய் அவளைத் தூக்கினார். ஜன்னல்களை அடித்துத் திறந்தார். குளியலறைக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்து அந்தச் சின்னக் கைகளை சோப்புப் போட்டுத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். வலிக்கிறது என்று அவள் அழுதாள். "எழுந்து வெளிய வா, முதல்ல வெளிய வா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மனைவி வாசல்வரை வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க ஆச்சு? எதுக்குங்க இப்படிப் பண்றீங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஈரக் கையோடு சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். மடிப்புகள் கிழியும் பதத்தில் இருந்தன. அவள் அங்கேயே நின்று படித்தாள். மேலே பென்சிலால் எழுதியிருந்த, ஆய்வுக்காரி வந்துபோன நாளின் தேதியை ஒரு தரம் படித்தாள், கீழேவரை படித்தாள், மறுபடி தேதிக்குப் போனாள்.

பிறகு மைனாவைப் பார்த்தாள். தேம்பிக்கொண்டு, எதற்கு அழுகிறோம் என்பதை அதற்குள் மறந்து, தண்ணீர்ச் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தது குழந்தை. அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். துணிமேல் ஐந்து சின்ன விரல்களின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

அடுத்தது தன்னைத்தான் பார்ப்பாள் என்று மருந்துக்காரர் குழாயடியிலேயே நின்றார். அவள் மைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாகப் படி இறங்கிப் போனாள். அவரை அவள் பார்க்கவே இல்லை.